தன்னியக்கச் சோதனை: மேலோடியின் பதிப்பும் செலுத்தியின் பொருத்தமும்

முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தில் "சோதித்தல்" என்னும் படியைப் பெரும்பாலான மாணவர்கள் நான்கு பெயர்களை மனனம் செய்வதோடு முடித்துவிடுகின்றனர்: அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முறைமைச் சோதனை, ஏற்புச் சோதனை. பெயர்கள் தெரியும், ஆனால் சோதனை ஒன்று உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்று கேட்டால் வகுப்பில் மௌனம். இப்பாடத்தில் அதன் ஒரு சிறு பகுதியை நோக்குவோம். இணையத்தளம் ஒன்றைச் செய்நிரலைக் கொண்டு சோதிப்பது எப்படி, அதில் அடிக்கடி தலைகாட்டும் சிக்கல் என்ன என்பதே விடயம். இங்கு வரும் மென்பொருட்களின் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் செய்ய வேண்டியதில்லை. செலுத்தி, பதிப்பு, வழு ஆகிய சொற்கள் விளங்கினால் போதும்.

தன்னியக்கச் சோதனை

சுட்டெண்ணை உள்ளிட்டால் பெறுபேற்றைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை நீங்கள் தயாரித்துள்ளதாகக் கொள்வோம். சரியான சுட்டெண், பிழையான சுட்டெண், வெற்றுப் பெட்டி, இலக்கத்துக்குப் பதிலாக எழுத்து என ஒவ்வொன்றாக உள்ளிட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் சிறு மாற்றம் செய்தாலும் அத்தனையையும் மறுபடி செய்ய வேண்டும். மூன்றாம் தடவை எவருக்கும் அலுப்பு வரும். அலுப்பு வந்தால் ஒன்றிரண்டு விடுபடும். இவ்வேலையைச் செய்நிரல் ஒன்றிடம் ஒப்படைப்பதே தன்னியக்கச் சோதனை ஆகும். அச்செய்நிரல் மேலோடியைத் திறக்கும், பெட்டியில் எழுதும், பொத்தானைச் சொடுக்கும், கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிடும்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் திறந்த மூல மென்பொருள் செலீனியம் ஆகும். 2004 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் தோட்வேர்க்ஸ் என்னும் கம்பனியில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் இதனைத் தொடங்கினார். அக்காலத்தில் இத்துறையில் இருந்த போட்டிக் கம்பனியின் பெயர் மேர்க்கியூரி, அதாவது இரசம். இரச நச்சுக்குச் செலீனியம் மாற்று என்பதால் பகிடியாக இப்பெயர் இடப்பட்டது.

செலுத்தி என்னும் சொல்லில் ஒரு மயக்கம்

சாதனச் செலுத்தி பற்றி நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். அச்சுப்பொறி, ஒலி அட்டை போன்ற வன்பொருளுக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று தொடர்பை ஏற்படுத்தும் மென்பொருள் அது. தன்னியக்கச் சோதனையில் வரும் மேலோடிச் செலுத்தி அதுவன்று. இதன் இரு பக்கத்திலும் இருப்பவை மென்பொருட்களே: ஒரு பக்கம் சோதனைச் செய்நிரல், மறுபக்கம் மேலோடி. ஆனால் இரண்டு செலுத்திகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்கள். வரலாற்றுப் பாடத்தில் ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் இடையே நின்ற துபாசியை நினைத்துக்கொண்டால் சரி. துபாசிக்கு இரு மொழியும் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தின் பேச்சு மாறிவிட்டால் அவர் இருந்தும் பயனில்லை.

ஒவ்வொரு மேலோடிக்கும் தனித்தனிச் செலுத்தி உண்டு. குரோமுக்குக் குரோம்டிரைவர், பயர்பொக்ஸுக்குக் கெக்கோடிரைவர், எட்ஜுக்கு எட்ஜ்டிரைவர், சபாரிக்குச் சபாரிடிரைவர்.

பதிப்பு ஏன் பொருந்த வேண்டும்?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

சோதனைச் செய்நிரல் "இப்பொத்தானைச் சொடுக்கு" என்னும் கட்டளையைச் செலுத்திக்கு அனுப்புகின்றது. இக்கட்டளைகள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 யூன் மாதத்தில் வெப்டிரைவர் என்னும் நியமமாக ஏற்றுக்கொண்டது. எனவே செலுத்தியின் இந்தப் பக்கம் ஏறத்தாழ நிலையானது. எந்த மேலோடியாயினும் கட்டளை ஒன்றே.

மறுபக்கம் அப்படியன்று. செலுத்தி அக்கட்டளையை மேலோடியின் உள் வழிமுறைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மேலோடியின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றது. குரோமின் முதலாவது பதிப்பு 2008 செப்டெம்பரில் வந்தது. 2010 இல் ஆறு வாரங்களுக்கு ஒரு பெரும் பதிப்பு என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. 2021 செப்டெம்பரில் வெளியான 94 ஆம் பதிப்புடன் அது நான்கு வாரங்களாகச் சுருங்கியது. இம்மாற்றங்களைப் பாவனையாளர் பெரும்பாலும் கவனிப்பதேயில்லை. மேலோடி தானாகவே இற்றைப்படுத்திக்கொள்ளும். ஆனால் நீங்கள் ஒரு கோப்புறையில் பதிவிறக்கி வைத்த செலுத்தி தானாக மாறாது. இவ்வாறு ஒன்று நகர, மற்றையது நின்றுவிடுகின்றது. அதன் பின்னர் சோதனையை இயக்கினால் திரையில் வரும் வழுச் செய்தியின் கருத்து இது: அமர்வு உருவாக்கப்படவில்லை, இச்செலுத்தி 114 ஆம் பதிப்பை மட்டுமே ஆதரிக்கும், தற்போதைய மேலோடி 116 ஆம் பதிப்பு.

பதிப்பெண்ணை வாசித்தல்

114.0.5735.90 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். இதனைத் தசம எண்ணாக வாசிக்கக் கூடாது. இது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு தனி எண்கள் ஆகும். முதலாவது 114, பெரும் பதிப்பு. இரண்டாவது குரோமில் எப்போதும் 0 என்றே இருப்பதைக் காண்பீர்கள். மூன்றாவது 5735, கட்டமைப்பு எண். நான்காவது 90, சிறு திருத்தத்தின் எண். செலுத்தியைத் தெரிவு செய்யும்போது பெரும் பதிப்பு கட்டாயம் ஒத்திருக்க வேண்டும். முதல் மூன்றும் ஒத்திருப்பது உத்தமம். நான்காவது எண் வேறுபட்டால் பொதுவாகப் பாதகமில்லை.

இந்த ஒழுங்கு தொடக்கத்திலிருந்து இருந்ததன்று. முன்னர் குரோம்டிரைவருக்கு 2.46 போன்ற தனி எண் இருந்தது. 2.46 என்றால் குரோமின் 71 முதல் 73 வரை என்று அட்டவணை பார்த்தே அறிய வேண்டியிருந்தது. அதன் பின்னர்தான் மேலோடியின் எண்ணையே செலுத்திக்கும் இடும் முறை வந்தது. கெக்கோடிரைவருக்கு இன்றும் 0 இல் தொடங்கும் தனி எண்ணே வழங்குகின்றது. அதற்குப் பயர்பொக்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய செலுத்தி தேவைப்படுவதில்லை. ஒரு செலுத்தி பல பதிப்புகளுக்கு உதவும். சபாரிடிரைவர் 2016 இல் வந்த சபாரி 10 முதல் அப்பிள் பணிசெயல் முறைமையுடனேயே சேர்ந்து வருவதால் அங்கு இச்சிக்கல் அநேகமாக இல்லை.

செய்நிரலாக்கப் பாடத்தில் படித்த தரவு வகைகள் இங்கு கைகொடுக்கும். 99, 100 ஆகிய இரண்டையும் முழுவெண்களாக ஒப்பிட்டால் 100 பெரியது. சரங்களாக ஒப்பிட்டால் "99" தான் பெரியது. ஏனெனில் சரங்கள் இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடப்படும். "9" ஆனது "1" இலும் பெரியது. 2022 மார்ச் மாத இறுதியில் குரோம் 100, அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பயர்பொக்ஸ் 100 ஆகியன வெளிவந்தன. பதிப்பெண் இரண்டு இலக்கம் என்று எண்ணி எழுதப்பட்ட இணையத்தளங்கள் பழுதுபடலாம் என அஞ்சி, முன்கூட்டியே 100 என்று பொய்யாக அறிவித்துச் சோதித்துப் பார்க்கும் வசதியை இரு மேலோடிகளும் வழங்கின. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2009 இல் ஒபேரா மேலோடியின் 10 ஆம் பதிப்பு வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் வாசித்த தளங்கள் அதனை 1 ஆம் பதிப்பு என்று கருதின. அதனால் ஒபேரா தன்னை 9.80 என்றே தளங்களுக்கு அறிவிக்க நேர்ந்தது.

2023 யூலையில் நடந்தது

114 ஆம் பதிப்பு வரை குரோம்டிரைவர் ஓர் இணைய முகவரியில் வைக்கப்பட்டிருந்தது. "மிகப் புதிய பதிப்பு எது?" என்று அந்த முகவரியிடம் கேட்டு, வரும் எண்ணுக்குரிய செலுத்தியைப் பதிவிறக்கும்படி பலர் தமது செய்நிரல்களை எழுதியிருந்தனர். 115 ஆம் பதிப்பிலிருந்து செலுத்திகளை வெளியிடும் இடமும் முறையும் மாற்றப்பட்டன. பழைய முகவரியோ தொடர்ந்து 114.0.5735.90 என்றே விடை கூறிக்கொண்டிருந்தது. யூலை மாதத்தில் குரோம் 115 வந்து கணினிகளில் தானாக நிறுவப்பட்டதும், எவரும் ஒரு வரியைக்கூட மாற்றாத சோதனைகள் நின்றுபோயின. சோதிக்கப்பட்ட இணையத்தளங்களில் குறை எதுவும் இல்லை. மேலோடியிலும் வழு இல்லை, செலுத்தியிலும் வழு இல்லை. வழு இருந்தது அவற்றின் சோடியில்.

தோற்றாதவரும் சித்தியடையாதவரும்

பரீட்சைப் பெறுபேற்றில் பரீட்சைக்குத் தோற்றாதவரும் சித்தியடையாதவரும் ஒன்றல்லர் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அமர்வு உருவாகாத சோதனை, பரீட்சைக்குத் தோற்றாத மாணவனைப் போன்றது. வலைப்பக்கம் திறக்கப்படவேயில்லை. எனவே அப்பக்கம் நல்லது என்றோ கெட்டது என்றோ அச்சோதனையைக் கொண்டு கூற முடியாது. இதனைத் "தோல்வி" என்று பதிந்தால் குற்றமற்ற செய்நிரலில் வழுவைத் தேடி நாட்கள் வீணாகும். இதைவிட மோசமானது இன்னொன்று. "செலுத்திப் பிரச்சினைதானே" என்று அச்சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, எஞ்சியவை சித்தி என்று அறிக்கை கொடுப்பர். பெறுபேற்றுப் பக்கத்தில் உண்மையான வழு ஒன்று அதே வாரத்தில் நுழைந்திருந்தால் அது சோதிக்கப்படாமலே மாணவரிடம் போய்ச் சேரும்.

எது எது என்று வேறுபடுத்தி அறிவது கடினமன்று. எல்லாச் சோதனைகளும், தொடங்கிய கணத்திலேயே, ஒரே செய்தியுடன் நின்றால் முதலில் பதிப்புகளைப் பாருங்கள். பத்தொன்பது சோதனைகள் சித்தியடைந்து ஒன்று மட்டும் நடுவில் ஒரு படியில் நின்றால் வலைப்பக்கத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையும் உண்டு. புதிய மேலோடி பழைய பக்கத்தை வேறு விதமாகக் காட்டுவதால் சில சோதனைகள் மட்டும் நிற்கும். அப்போது பதிப்பையும் பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைப்பது போல, பக்கத்தை அப்படியே வைத்துப் பழைய மேலோடிச் சோடியில் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் நின்றால் காரணம் பக்கத்தில் அண்மையில் செய்த மாற்றமாகலாம்.

பேணும் முறைகள்

சிலர் மேலோடியின் தானியங்கி இற்றைப்படுத்தலை நிறுத்திவிடுவதே வழி என்பர். அன்றாடம் பயன்படுத்தும் மேலோடியில் இதனைச் செய்யக் கூடாது. பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்களும் அந்த இற்றைப்படுத்தலிலேதான் வருகின்றன.

சரியான வழி, சோதனைக்கென வேறு மேலோடியை வைத்திருப்பதாகும். இதற்காகவே கூகிள் கம்பனி 2023 இல் சோதனைக்கான குரோம் என்னும் தனிப் பதிப்பை வெளியிடத் தொடங்கியது. அது தானாக இற்றைப்படாது. அதற்குரிய செலுத்தியும் அதே எண்ணுடன் அதே இடத்தில் கிடைக்கும். இணையத்தில் உலாவ அதனைப் பயன்படுத்தக் கூடாது.

செலீனியத்தின் 4.6 ஆம் பதிப்புடன், 2022 நவம்பர் முதல், செலீனியம் மனேஜர் என்னும் கருவியும் சேர்ந்து வருகின்றது. கணினியிலுள்ள மேலோடியின் பதிப்பைக் கண்டறிந்து ஏற்ற செலுத்தியைத் தானே பதிவிறக்கிக்கொள்ளும். நல்ல வசதிதான். ஆயினும் புதிய செலுத்தி தேவைப்படும் ஒவ்வொரு தடவையும் அதற்கு இணைய இணைப்பு வேண்டும். இணைப்பு இல்லாத கணினி அறையில், மேலோடியையும் செலுத்தியையும் சோடியாக ஒரே கோப்புறையில் வைத்து, கோப்புறையின் பெயரிலேயே பதிப்பெண்ணை எழுதிவிடுவது நம்பகமானது. எம்முறையைக் கையாண்டாலும் சோதனை அறிக்கையில் பணிசெயல் முறைமை, மேலோடி, செலுத்தி மூன்றின் பதிப்பெண்களும் இருக்க வேண்டும். இவை இல்லாத அறிக்கையை ஒரு மாதம் கழித்து எவராலும் பயன்படுத்த முடியாது.

மாதிரி வினாக்கள்

1. மேலோடியின் பதிப்பு 116.0.5845.110 ஆகும். பின்வருவனவற்றுள் பொருத்தமான செலுத்தி எது?
(1) 114.0.5735.90 (2) 115.0.5790.102 (3) 116.0.5845.96 (4) 2.46

விடை: (3). நான்காவது எண் மட்டுமே வேறுபடுகின்றது. 110 என்னும் எண்ணைக் கண்டு, அதற்கு நெருங்கிய எண்ணைத் தேடி (2) ஐத் தெரிவு செய்வோர் உளர். இறுதி எண்ணிலிருந்து ஒப்பிடத் தொடங்குவதால் வரும் பிழை அது.

2. சாதனச் செலுத்திக்கும் மேலோடிச் செலுத்திக்கும் இடையிலான ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.

விடை: இரண்டும் ஒன்றையொன்று நேரடியாக விளங்கிக்கொள்ளாத இரு பகுதிகளுக்கு இடையே தொடர்பை ஏற்படுத்துகின்றன. முன்னையது பணிசெயல் முறைமையை வன்பொருளுடன் இணைக்கின்றது. பின்னையது சோதனைச் செய்நிரலை மேலோடியுடன் இணைக்கின்றது.

3. வெள்ளிக்கிழமை 25 சோதனைகளும் சித்தியடைந்தன. வலைப்பக்கத்திலோ சோதனைச் செய்நிரலிலோ மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. திங்கட்கிழமை 25 உம் தொடங்கிய உடனேயே நின்றன. (அ) நிகழக்கூடிய காரணம் யாது? (ஆ) அறிக்கையில் "25 தோல்வி" என எழுதுவது ஏன் பொருந்தாது?

விடை: (அ) வார இறுதியில் மேலோடி தானாக இற்றைப்பட்டு, செலுத்தி பழைய பதிப்பிலேயே இருந்தமை. (ஆ) அமர்வு உருவாகாததால் வலைப்பக்கம் திறக்கப்படவில்லை. ஆகவே 25 சோதனைகளும் நடைபெறவில்லை. "0 சித்தி, 0 தோல்வி, 25 நடைபெறவில்லை" என எழுதி, மேலோடியினதும் செலுத்தியினதும் பதிப்பெண்களைக் குறிப்பிட வேண்டும்.