கேட்கத்தக்க இசைத்தட்டுகள்

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர் மூச்சடக்கி மூழ்கி வாரிவந்த சிப்பிகள் பலவற்றுள் முத்துடையன சிலவே. இசைத்தட்டுகளின் நிலையும் இத்தகையதே. வெளிவந்தன பல, பன்முறை கேட்கத்தக்கன சில, அச்சிலவும் உடைந்தும் தேய்ந்தும் அருகி வருகின்றன. ஆதலின், இசையில் வேட்கையுடைய மாணவ நண்பர்க்கு மூன்று தட்டுகளை ஈண்டுக் குறிப்பிட விழைகின்றோம்.

பழைய தட்டு அரக்குக் கலவையாற் செய்யப்பட்டது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். இவ்வெல்லை பாடுவோர்க்குத் தளையாயினும், மிகையை நீக்கிச் சாரத்தையே தருமாறு அவரைப் பழக்கிற்று. பிற நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்காவில், டென்னஸி, வர்ஜீனியா என்னும் இரு மாகாணங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், 1927-ஆம் ஆண்டு விக்டர் கம்பெனியார் மலைநாட்டு மக்களின் பாடல்களைப் பதிவு செய்தனர். ஆங்கு முதன்முறை தட்டிற் பாடிய கார்ட்டர் குடும்பத்தாரின் இசை, ‘கண்ட்ரி’ என வழங்கும் அந்நாட்டு இசைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். முதலாவது, செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) பாடிய இராமலிங்க சுவாமிகளின் அருட்பா விருத்தம். விருத்தத்திற்குத் தாளக்கட்டு இல்லை. சொல்லின் பொருளே பாடுவோரை நடத்திச் செல்லும். மேல் ஸ்தாயியில் அவர் குரல் ஏறுமிடத்தும் எழுத்து ஒன்றேனும் சிதையாமையை உற்றுக் கேட்க.

இரண்டாவது, திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி ஆலாபனை. கோயிற் புறப்பாட்டில் நெடுநேரம் விரிவது, தட்டில் சில நிமிடங்களுள் அடங்கியுள்ளது. காந்தாரம் அசையும் அசைவினைச் செவி பற்றிக்கொள்ளுமாயின், தோடியை வேறெங்குக் கேட்பினும் அடையாளங் காணலாம்.

மூன்றாவது, அவர்தம் மாணாக்கரும் நம் கோவிற்பட்டியில் வாழ்ந்தவருமான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வாசித்தது. 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், ஆபேரி இராகப் பாட்டொன்றில், எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாகசுரமும் மாறிமாறிச் சுரம் தொடுக்கின்றன. தெருவெல்லாம் முழங்கும் பெருங்கருவி ஈண்டு மென்குரலுக்கு இணையாகக் குழைகின்றது. ஆசிரியரின் தோடியைக் கேட்டபின் இதனைக் கேட்பார்க்கு, மாணாக்கர் பெற்றது எது, தாமே கண்டது எது என்பது விளங்கும். 1964-இல் அவர் மறைந்தார், அவ்வொலி மறைந்திலது.

நண்பர்காள்! நும் பாட்டனார் பெட்டியில் பழந்தட்டு கிடைப்பின், அதனை வெறும் காட்சிப் பொருளாக வையாதீர். தூசியை மெல்லத் துடைத்து, ஒவ்வொரு பக்கத்திற்கும் புதிய எஃகு ஊசியிட்டு ஒலிப்பீராக. தேய்ந்த ஊசி தட்டின் வரியைக் கீறிவிடும். பின்னர், அறிந்தார் துணைகொண்டு அதனை மின்பதிவாக்கிப் பலரொடும் பகிர்க. 1961-ஆம் ஆண்டிற்குப் பின் நம் கடலில் முத்துக் குளிப்பும் ஓய்ந்தது. எஞ்சிய இம்முத்துக்களையேனும் இழவாது காத்தல் நம் கடனன்றோ?