கான்கிரீட் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு புது வீட்டின் முழு வயரிங்கும் முதன்முறையாக உன் பொறுப்பில் வந்திருக்கிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதினாறடி ஹாலில் வரிசைக்கு நான்காகப் பதினாறு கான்சீல்டு எல்.இ.டி. விளக்கு குறித்திருக்கிறாய். காகிதத்தில் பார்க்க, புள்ளி வைத்த கோலம் போல அழகாகத்தான் இருக்கிறது. எனக்குக் கவலை தந்ததும் அந்த அழகுதான். மேற்கூரையை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு அது. அந்த வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள், எங்கே பாய் விரிப்பார்கள், எங்கே நின்று காய் நறுக்குவார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

கம்பி கட்டும் வேலை நடக்கிறது, அடுத்த வாரம் கான்கிரீட் என்று சொன்னாய். அதனால்தான் உடனே எழுதுகிறேன். உன்னைப் போல இந்த வேலைக்குப் புதிதாக வரும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவாகவே எழுதுகிறேன். டியூப் லைட்டைத் தப்பான இடத்தில் மாட்டியிருந்தால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி நகர்த்திவிடலாம். தளத்துக்குள் புதையும் பாக்ஸை அப்படி நகர்த்த முடியாது. வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், இந்த வாரம் சென்ட்ரிங் பலகை மேல் நீ ஆணியடித்து வைக்கும் இடம்தான் அந்தக் குடும்பத்துக்குக் காலம் முழுவதும் வெளிச்சம் வரப்போகும் இடம்.

முதலில் மின்விசிறியைப் பார். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து விளக்கு வைப்பவர்கள் எல்லாரும் கோட்டைவிடும் இடம் இது. அந்தப் படங்களில் பெரும்பாலும் மின்விசிறி இருக்காது. நம் வீட்டில் அது இல்லாத அறை கிடையாது. டியூப் லைட் சுவரில், இறக்கைக்குக் கீழேயோ பக்கத்திலோ எரிந்ததால் தொந்தரவு தெரியவில்லை. விளக்கு தளத்துக்கு ஏறியதும் அது இறக்கைக்கு மேலே போய்விடுகிறது. ஓடுகிற இறக்கை வெளிச்சத்தை வெட்டும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு முந்நூறு சுற்று என்று வைத்தாலே நொடிக்குப் பதினைந்து முறை நிழல் வந்து போகும். சுவரும் படிக்கிற புத்தகமும் படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். தலைவலி வந்தால்கூட எதனால் என்று அந்த வீட்டாருக்குத் தெரியாது.

இதற்குக் கணக்கு எளிது. 48 அங்குல மின்விசிறிக்கு மையத்திலிருந்து இறக்கை நுனி வரை இரண்டடி. தளத்திலிருந்து இறக்கை ஏறக்குறைய ஓரடி கீழே தொங்குகிறது. 120 டிகிரி விரியும் விளக்கின் ஒளி ஓரடி இறங்குவதற்குள் பக்கவாட்டில் ஒன்றேமுக்கால் அடி பரவிவிடும். ஆக, மையத்திலிருந்து மூன்றேமுக்கால் அடிக்குள் அந்த விளக்கு வரக்கூடாது. 60 டிகிரி விளக்கென்றால் ஏழு அங்குலம்தான் பரவும். ஆனால் அந்தக் கோணத்துக்கு வெளியேயும் கொஞ்சம் ஒளி கசியும் என்பதால் மூன்றடி தள்ளி வைப்பது நல்லது. ராடு நீளமானால் இந்தத் தூரமும் கூடும். இப்போது உன் வரைபடத்தைப் பார். நடு இரண்டு வரிசையில் உள்ள எட்டு விளக்கும், ஹாலில் நீ குறித்திருக்கும் மின்விசிறிகளில் ஏதாவதொன்றின் மையத்திலிருந்து இரண்டரை அடியில் இருக்கின்றன. எட்டையும் எடுத்துவிடு.

மிச்சமிருக்கும் எட்டு போதுமா என்று கேட்பாய். போதும். ஹாலின் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர். உட்கார்ந்து பேச, டிவி பார்க்க, பிள்ளைகள் விளையாட 150 லக்ஸ் தாராளம். பெருக்கினால் 2,700 லூமன். சுவர் உறிஞ்சுவது, தூசி படிவது, வருடங்கள் போகப்போக எல்.இ.டி. மங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதி போகும் என்று வைத்துக்கொண்டால் 5,400 லூமன் வேண்டும். நல்ல 8 வாட் விளக்கு ஒன்று 700 லூமன் தரும். எட்டு விளக்குக்கு 5,600. நீ போட்ட பதினாறையும் எரியவிட்டால் 300 லக்ஸைத் தாண்டும்; அது அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதற்கான வெளிச்சம்.

அந்த எட்டையும் இரு நீளச் சுவரிலிருந்தும் இரண்டடி தள்ளி, நாலடிக்கு ஒன்றாக வை. மின்விசிறிக் கோட்டிலிருந்து நாலடி விலகிவிடும். இன்னொரு பலனும் உண்டு. வெளிச்சம் சுவரில் வழிந்து இறங்கும். ஓர் அறை பளிச்சென்று தெரிவதற்குத் தரையில் விழும் வெளிச்சத்தைவிடச் சுவரில் விழும் வெளிச்சம்தான் பெரிய காரணம். நம் கண் நேராகப் பார்ப்பது சுவரைத்தான்.

அடுத்து, கண்கூச்சம். ஹாலில் பாய் விரித்துப் படுப்பது நம் வழக்கம். மத்தியானம் பாட்டி தரையில் சாய்வார். விசேஷ நாளில் பத்துப் பேர் வரிசையாகப் படுப்பார்கள். கைக்குழந்தையைத் துணி விரித்து மல்லாக்கப் போட்டிருப்பார்கள். குழந்தை பார்ப்பது கூரையை மட்டும்தான். சின்ன வட்டத்துக்குள் அத்தனை ஒளியையும் அடக்கி வைத்திருக்கும் சி.ஓ.பி. விளக்கு கடையில் கண்ணைக் கவரும். படுத்திருப்பவருக்கோ ஊசியாகக் குத்தும். அதனால் ஹாலுக்குப் பால்நிற மூடி போட்ட, ஒளியைப் பரப்பித் தருகிற விளக்கையே எடு. சி.ஓ.பி.யை ஒரு படத்தின் மீதோ அலமாரியின் மீதோ விழவைக்க மட்டும் பயன்படுத்து. அங்கேயும் சிப் உள்ளே ஆழமாக உட்கார்ந்திருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கு. அந்த வீட்டில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் என்று சொன்னாய். அது மேலே எரிகிற ஒவ்வொரு விளக்கையும் கண்ணாடி மாதிரி தரையிலும் காட்டும், குனிந்தாலும் கூசும். அதற்கும் இந்தப் பால்நிற மூடிதான் வழி. படுக்கையறையில் கட்டில் எந்தச் சுவரை ஒட்டி வரும் என்று முதலில் கேள். தலைமாட்டுக்கு மேலே ஒரு பாக்ஸ்கூட வேண்டாம். கால்மாட்டுப் பக்கமும் பீரோவுக்கு முன்னாலும் வைத்தால் போதும்.

சமையலறையில் நடுவில் ஒரு விளக்கு மட்டும் போட்டிருக்கிறாய். சமையல் மேடை முன்னால் நிற்பவருக்கு அது முதுகுப் பக்கம் வரும். அவருடைய நிழல் அவர் கத்தி பிடித்த கையின் மேலேயே விழும். எத்தனை வாட் கூட்டினாலும் நிழல் அங்கேயேதான் விழும், நறுக்கும் இடம் சரியாகத் தெரியாது. மேடை இரண்டடி அகலம் என்றால், சுவரிலிருந்து ஏறக்குறைய இரண்டடியில், மேடையின் விளிம்புக்கு நேர் மேலே பாக்ஸ் வரட்டும். அடுப்புப் பக்கம் ஒன்று, சிங்க் பக்கம் ஒன்று. மேலே கப்போர்டு வரப்போகிறதா என்று கேள். வருமென்றால் அதன் அடியில் ஸ்ட்ரிப் லைட் போடுவதற்கு இப்போதே சுவரில் ஒரு பாயிண்ட் விட்டுவிடு. இந்த அறைக்கு வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டு வராதே. அங்கே தினமும் நிற்கப்போகிற அந்த அம்மாவைக் கேள். அளவெடுக்க டேப்பை நீட்டும்போது அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ரிச்சர்ட் கெல்லி என்று அமெரிக்காவில் ஓர் ஒளியமைப்பாளர் இருந்தார். 1952இல் அவர் வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்து எழுதினார்: எங்கும் பரவி நிற்கும் ஒளி, ஓரிடத்தைக் காட்டுகிற ஒளி, மினுங்கிக் கண்ணை மகிழ்விக்கிற ஒளி. நீ போடுவது பெரும்பாலும் முதல் வகை. படிக்கிற நாற்காலியும் சமையல் மேடையும் இரண்டாவதைக் கேட்கின்றன. மூன்றாவதற்கு நம் வீடுகளில் குத்துவிளக்கு இருக்கிறது. பூஜையறையில் மேலிருந்து பளீரென்று வெள்ளை வெளிச்சம் கொட்டினால் அந்தச் சுடர் இருப்பதே தெரியாது. அங்கே 2700 கெல்வினில் சின்னதாக ஒன்று போதும், அதற்குத் தனி சுவிட்ச். விளக்கேற்றும்போது அதை அணைத்துக்கொள்ளட்டும்.

நிறத்தைப் பற்றி வீட்டில் சண்டை வரும். பெரியவர்கள் 6500 கெல்வின் வெள்ளை கேட்பார்கள், பிள்ளைகள் வாம் வைட் கேட்பார்கள். பெரியவரை மடக்கப் பார்க்காதே. அறுபது வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலும் அவர் நிறத்தைச் சொல்லிக் கேட்பது இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைத்தான். அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நல்ல விளக்கும் கைக்கெட்டும் சுவிட்சும் கொடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 என்பது என் வழக்கம். நீலம் மிகுந்த வெள்ளை ராத்திரியில் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதால் படுக்கையறையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே அறையில் இரண்டு நிறத்தைக் கலக்காதே. வாசலுக்கும் சிட்-அவுட்டுக்கும் வாம் வைட் போடு. மழை விட்ட சாயங்காலம் ஈசல் வருவது குறையும்.

நிறத்தோடு, பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பார்க்கப் பழகு. நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் மாட்டும் வெள்ளை விளக்குக்குள் இருப்பதும் அந்த நீலம்தான். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் வழியாக வெள்ளையாக வெளியே வருகிறது. மலிவான விளக்கில் இந்தக் கலவையில் சிவப்பு குறைந்துவிடும். தக்காளி வெளிறும், அரக்குப் பட்டுச்சேலை மண் நிறமாகும், மனிதர் முகம் நோயாளி முகம் போலத் தெரியும். 80க்குக் கீழே வாங்காதே. டிரெஸ்ஸிங் டேபிள் இருக்கும் இடத்துக்கு 90 தேடு. வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாதிரிகளை ஒரு ஹோல்டர் வயரோடு அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கே ராத்திரியில் எடுத்துப் போ. அவர்கள் கையையும் ஒரு பட்டுச்சேலையையும் அதன் கீழே நீட்டிப் பார்க்கட்டும். கேட்லாக் அட்டையை வைத்து யாராலும் நிறம் முடிவு செய்ய முடியாது.

சூட்டையும் மறக்காதே. எல்.இ.டி. முன்பக்கம் சுடாது, அதன் வெப்பம் பெரும்பாலும் பின்பக்கமாகப் போகிறது. தளத்துக்குள் இருக்கும் பாக்ஸில் காற்று ஓட இடமில்லை. இதில் மாடித் தளம்தான் மோசம். கத்திரி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நடுராத்திரி வரை சூட்டை விடாது. முதலில் சாவது எல்.இ.டி. சிப் இல்லை, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினம் ஆறு மணி நேரமென்றால் பதினொரு வருஷத்துக்கு மேல் வரவேண்டும். ஆனால் அது வெளிச்சம் எழுபது சதவீதத்துக்கு இறங்கும் காலத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறது, டிரைவர் அதுவரை தாங்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. மேல்மாடிக்குக் குறைந்த வாட்டில் இரண்டாகப் போடு. ஒன்றில் அதிக வாட் அடக்காதே. சுற்றுவெப்பம் 45 டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பதை எடு. டிரைவர் தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும்.

வயரிங்கில் இரண்டே விஷயம். சுவிட்சில் ஃபேஸ்தான் வெட்டப்படுகிறதா என்று ஒவ்வொரு பாயிண்ட்டிலும் டெஸ்டர் வைத்துப் பார். நியூட்ரலை வெட்டிவிட்டால் அணைத்த பிறகும் விளக்கு ராத்திரியெல்லாம் மங்கலாக எரிந்து பயமுறுத்தும். எட்டு விளக்கையும் ஒரே சுவிட்சில் கட்டாதே. சுவருக்கு நான்காகப் பிரி, நாலு பேர் இருக்கிற சாயங்காலத்துக்கு ஒரு பக்கம் போதும். மாதிரி விளக்கு ஒவ்வொன்றையும் போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் பார். கறுப்புப் பட்டை ஓடினால் அந்த டிரைவர் மட்டமானது.

மொத்த விளக்கையும் ஒரே பேட்ச்சில், பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதாகப் பார்த்து வாங்கு. ஒரே 4000 என்று போட்டிருந்தாலும் வேறு பேட்ச்சில் நிறம் லேசாக மாறும். ஹாலுக்கு இரண்டு உபரி வாங்கி வீட்டுக்காரர் கையில் கொடு. மூன்று வருஷம் கழித்து அதே வட்ட அளவில் அதே மாடல் கடையில் கிடைக்காது.

இனி கான்கிரீட் போடும் நாள். பாக்ஸுக்குள் தெர்மாகோலை இறுக்கி அடைத்து வாயில் டேப் ஒட்டு, சிமெண்ட் பால் உள்ளே இறங்காது. பாக்ஸ் உட்காருவதற்காக ஒரு கம்பியைக்கூட வெட்டவிடாதே. இடிக்கிறது என்றால் பாக்ஸை இரண்டங்குலம் நகர்த்து, பக்கத்தில் இருக்கும் துணை பாக்ஸையும் அதே அளவு நகர்த்து. பீமுக்குள் பாக்ஸ் வேண்டாம். பைப்புகளை ஒரே இடத்தில் கட்டாகக் கொண்டுபோகாதே, தளம் அங்கே பலவீனமாகும். இன்ஜினியரிடம் ஒருமுறை காட்டிக்கொள். வைப்ரேட்டர் போடும்போது பாக்ஸ் நகரும், பைப் ஜாயிண்ட் விடும். அதனால் அன்றைக்கு வேறு வேலை ஒத்துக்கொள்ளாமல் கடைசிச் சட்டி கொட்டும் வரை தளத்தின் மேலேயே நில். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திய பிறகு பைப்புக்குள் ஈரம் பல நாள் இருக்கும். ஸ்பிரிங்கில் துணியைக் கட்டி இழுத்து, துணி உலர்ந்து வெளியே வந்த பிறகே வயர் இழு.

கான்கிரீட் விழுவதற்கு முன்பு, ஒவ்வொரு அறையையும் டேப்பை விரித்துவைத்துச் சுவரிலிருந்து அளவு தெரியும்படி போட்டோ எடு. ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடு, ஒன்றை நீ வைத்துக்கொள். நாளைக்கு மாடியில் ஹூக் அடிக்க டிரில்லிங் மெஷினோடு வருகிறவனுக்கு அந்தப் படம்தான் வழிகாட்டி. எனக்கும் ஒன்று அனுப்பு. மின்விசிறித் தூரத்தை இன்னொருமுறை நானும் சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்