முள்ளும் ஊசியும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டிற் பிறந்தோர்க்கு முள் புதிதன்று. கருவேல முள் தைத்தால் அவ்விடத்தைப் பிதுக்கி இரத்தம் வெளிவரச் செய்வதும், விரலில் குத்தினால் விரலை வாயில் வைத்துக்கொள்வதும் நம்மவர் இயல்பு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உடலினுட் புகுதற்கு அச்சிறு துளையே போதும். 1842-ஆம் ஆண்டில் மதுரையில் ஜான் கில் என்னும் மருத்துவர் எடுத்துரைத்த கால்நோய், இன்றும் மருத்துவ நூல்களில் மதுரைக்கால் என்றே வழங்குகின்றது. ஊர்ப்பெயர் இவ்வாறு உலகெங்கும் பரவுதல் பெருமையோ சிறுமையோ, அறியோம்!

சோதனைச்சாலையில் முள்ளின் தொழிலை ஊசியும் உடைந்த கண்ணாடியும் செய்கின்றன. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவியார், பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் தூண்டுதலால், எய்ட்ஸ் நோய்க்கிருமி நம் நாட்டில் உண்டோ என ஆராயப் புகுந்தார். கையுறையின்றியே எண்பதுக்கு மேற்பட்டோரிடம் இரத்தம் எடுத்தார். பிரித்த ஊநீரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்துக் காத்தார். 1986 பிப்ரவரியில் அவை பனிக்கட்டிப் பெட்டியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. இந்தியாவில் அக்கிருமி முதன்முதல் வெளிப்பட்டது அவ்வாறே. அம்மாணவியாரின் துணிவு போற்றத்தக்கது. அன்றைய வசதிக்குறைவோ பின்பற்றத்தக்கதன்று.

அத்தகைய இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால் எய்ட்ஸ் கிருமி பற்றுவது ஆயிரத்தில் ஏறத்தாழ மூவருக்கே. ஆனால் பி வகை மஞ்சட்காமாலைக் கிருமியோ, தடுப்பூசி இடாதார் நூற்றுவரில் முப்பதின்மர் வரை பற்றக்கூடும். முன்னதை அஞ்சிப் பின்னதை மறத்தல் மாணவரிடையே பெருவழக்கு. ஆதலின் சோதனைச்சாலையிற் புகுமுன்னரே அத்தடுப்பூசியை முறைப்படி இட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஊசி குத்திய பொழுது செய்யத்தக்கது யாது? வேலையை அப்படியே நிறுத்திச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவுக. பிதுக்கற்க; வாயில் வைக்கற்க; காரமருந்து எதனையும் ஊற்றற்க. காட்டிற் பழகிய கை இங்கே தன் பழக்கத்தை விடல் வேண்டும். கண்ணில் தெறித்தால் தூயநீரால் நெடுநேரம் அலம்புக. நம் பக்கத்தில் குழாய் வறண்டுபோதல் அரிதன்று. ஆகவே இதற்கென ஒரு குடம் நீர் எப்பொழுதும் நிரம்பியிருத்தல் நலம். தரையில் இரத்தம் சிந்தினால் துணியால் மூடி, நூற்றுக்கு ஒன்று வலிமையுள்ள ஹைபோகுளோரைட்டுக் கரைசலை ஊற்றிச் சிறிதுநேரம் விட்டு, கையுறை அணிந்து துடைத்தெடுக்க. கண்ணாடிச் சில்லுகளை இடுக்கியாலன்றிக் கையால் எடுக்கலாகாது. பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடியிடுதலே பலமுறை குத்துதற்குக் காரணம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அதனை எளிதில் துளைபடாத வெண்ணிறக் கலத்தில் இடுக.

அடுத்து உடனே ஆசிரியரிடம் கூறுக. சிலர் வசைக்கு அஞ்சி மறைக்கின்றனர். எய்ட்ஸ் தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துள் தொடங்குதல் சிறப்பு. 72 மணி கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் உண்ணல் வேண்டும். மாணவன் மறைக்கும் ஒவ்வொரு மணியும் இக்கணக்கிற் கழிகின்றது. அவன் அஞ்சாது வந்து சொல்லுமாறு நடந்துகொள்ளுதல் ஆசிரியர் கடன். அம்மருந்து எம்மருத்துவமனையிற் கிடைக்கும், இரவில் யாரைத் தேடுவது என்பவற்றைக் கல்வியாண்டின் முதல்நாளிலேயே விசாரித்துச் சோதனைச்சாலைக் கதவில் எழுதி ஒட்டுக.