கேக் வெந்த பேட்டரி ஜாடி

கேள்வி: ஆய்வகத்தில் பீக்கரைக் கம்பி வலைமேல் வைத்துக் கொதிக்கவிடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. வீட்டு ஊறுகாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றினாலே விரிசல் விடுகிறது. இரண்டும் கண்ணாடிதானே?
– பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: கண்ணாடிதான், ஆனால் கலவை வேறு. ஊறுகாய் பாட்டில் மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் மூன்றையும் உருக்கிச் செய்தது. வெந்நீர் பட்டதும் உட்புறம் விரிகிறது. வெளிப்புறமோ குளிர்ந்தே நிற்கிறது. அந்த இழுபறியில் பாட்டில் பிளக்கிறது. பீக்கரில் ஏறக்குறைய 13 சதவீதம் போரான் ஆக்சைடு உண்டு. சூட்டில் பீக்கர் விரிவது, ஊறுகாய் பாட்டில் விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இந்தப் போரோசிலிகேட் கண்ணாடி பிறந்த இடம் ஜெர்மனியின் யேனா நகரம். சன்னல் கண்ணாடி செய்யும் குடும்பத்தில் வந்த ஓட்டோ ஷாட், 1884இல் எர்ன்ஸ்ட் அபே, கார்ல் சைஸ் ஆகியோருடன் சேர்ந்து அங்கே கண்ணாடிக் கூடம் தொடங்கினார். வெப்பமானி, விளக்குச் சிமினி, ஆய்வகக் குடுவை என்று யேனா கண்ணாடி பல நாடுகளுக்கும் போனது. முதல் உலகப் போரில் அந்த வரத்து நின்றுபோய், ஆய்வகங்கள் தவித்தன.

அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம், சூடான ரயில் விளக்கின்மேல் மழையும் பனியும் பட்டாலும் உடையாத கண்ணாடியை ஏற்கெனவே செய்துவந்தது. 1913இல் அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, அடுப்பில் வைத்த பாத்திரம் உடைந்துவிட்டதென்று குறைப்பட்டார். லிட்டில்டன் அதே வகைக் கண்ணாடியில் செய்த பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெஸ்ஸி அதில் மாவை ஊற்றி கேக் சுட்டார். கேக் சீராக வெந்தது, கண்ணாடியும் உடையவில்லை! கலவையிலிருந்த ஈயத்தை நீக்கி, 1915இல் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையலறைக்கும் ஆய்வகத்துக்கும் விற்றார்கள்.

சூடு தாங்கினால் மட்டும் போதாது. உள்ளே ஊற்றுவதைப் பார்த்துத்தான் சீசாவை எடுக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட்டில் வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும். அதற்குப் பழுப்பு சீசா. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும், அதற்குப் பிளாஸ்டிக்தான். காஸ்டிக் சோடா கரைசலோ சீசாவின் கழுத்தை மெல்ல அரித்து, கண்ணாடி மூடியைத் திறக்க முடியாமல் இறுக்கிவிடும். பலம்போட்டுத் திருகினால் கழுத்து உடைந்து கையைக் கிழிக்கும், கரைசலும் தெறிக்கும்.

உங்கள் ஆய்வகத்தில் காஸ்டிக் சோடா கண்ணாடி மூடி போட்ட சீசாவில் இருந்தால், ஆசிரியரிடம் சொல்லி ரப்பர் தக்கைக்கோ பிளாஸ்டிக் புட்டிக்கோ மாற்றச் சொல்லுங்கள்.