செங்குத்தாக இறக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் 'வல்லூறு' கைப்பிரதியை ஒரே இரவில் படித்து முடித்தேன். பழைய ஹெலிகாப்டர்களின் இடத்துக்கு வரும் உன் டில்ட்ரோட்டர் வல்லூறு, எஞ்சினை அசைக்காமல் ரோட்டரை மட்டும் சாய்க்கிறது. பிளாக் ஹாக் ஹெலிகாப்டருக்குப் பதிலாக அமெரிக்க ராணுவம் 2022-ல் தேர்ந்தெடுத்த வி-280-ம் அப்படித்தான். விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். அதனால்தான் மூன்றாம் அத்தியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

குண்டுமழைக்குத் தப்ப உன் பைலட் மலைமுகட்டிலிருந்து முற்றத்துக்குச் செங்குத்தாகச் சரசரவென்று இறக்குகிறான். உள்ளே இருந்த அத்தனை பேரும் அங்கேயே செத்திருப்பார்கள். முன்வேகம் இல்லாமல் வேகமாக இறங்கினால் ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், தூக்குவிசை போய்விடும். ஹெலிகாப்டருக்கும் இந்த ஆபத்து உண்டு. டில்ட்ரோட்டரில் ஒரு பக்கத்து ரோட்டர் மட்டும் மாட்டினால் விமானமே கவிழும். 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் ஆஸ்ப்ரே டில்ட்ரோட்டர் ஒன்று இப்படித்தான் கவிழ்ந்து 19 மரைன் வீரர்கள் இறந்தார்கள். தன்னால் முடியாதது என்று ஒன்று இருந்தால்தான் இயந்திரம் கதாபாத்திரமாகும். உன் வல்லூறால் எல்லாமே முடிகிறது. அதில் ஏறுகிறவர்களுக்காக எனக்கு ஒரு கணமும் நெஞ்சு படபடக்கவில்லை.

அடுத்தது கியர்பாக்ஸ். கதை முழுக்க அந்தச் சொல்லே இல்லை! ஒரு எஞ்சின் நின்றாலும் இரண்டு ரோட்டரும் சுற்றட்டும் என்று இறக்கைக்குள் ஷாஃப்ட் ஓடுகிறதே, அந்த விசையெல்லாம் எந்தப் பற்களின்மேல் இறங்குகிறது? நான் எம்ஐ-8 ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தபோது கியர்பாக்ஸ் எண்ணெயில் கிடக்கும் காந்தப் பிளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைப்போம். உலோகத் துகள் மைபோல ஒட்டினால் வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் செதில் ஒன்று வந்தாலும் அன்றைக்குப் பறப்பு கிடையாது. எங்கள் சார்ஜென்ட் எந்த அதிகாரியின் அவசரத்துக்கும் மசிந்ததில்லை. 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா தீவருகே ஆஸ்ப்ரே விழுந்து 8 பேர் இறந்தார்கள். கியர்பாக்ஸில் உலோகத் துகள் இருப்பதாக எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தும் பயணம் தொடர்ந்திருக்கிறது. இப்படி ஒரு எதிரி விமானத்துக்குள்ளேயே இருக்கும்போது எல்லைக்கு அப்பால் எதற்கு ஆள் தேடினாய்?

ஆனால் அந்த வழியனுப்பு அத்தியாயம்! கடைசிப் பறப்பு முடிந்த ஹெலிகாப்டரின் பதிவேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மெக்கானிக் பெரியவர் பேனாவை மூடி வைக்கிறாரே, அந்த இடத்தில் அழுதுவிட்டேன். 2017-ல் யெலஹங்காவில் எம்ஐ-8-க்கு விடைகொடுத்த செய்தியைப் படித்தபோது எனக்குள் என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிவிட்டாய். இந்த ஒரு பக்கத்துக்காக உன்னை எழுத்தாளன் என்று யாரிடமும் சொல்வேன்.

அந்தப் பெரியவரை அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாயே, அதுதான் தவறு. அவரை வல்லூறின் கியர்பாக்ஸடியில் நிறுத்து. அவர் கையில் ஒரு செதில் அகப்படட்டும். மேலிடம் பறந்தே ஆகவேண்டும் என்று நெருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு இதை எழுது. அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்