இன்பமே இலட்சியமா?

சென்ற நோன்பில் வெயில் கடுமையான ஒரு நாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தோடு ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். அது தொண்டையில் இறங்கிய சுகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. அடுத்து ஒரு கிளாஸ் சர்பத். ஆசை விடவில்லை, இன்னொன்று. மூன்றாவதையும் முடித்தபோது தொழுகைக்கு எழும்ப முடியாமல் வயிறு கனத்தது. முதல் மிடறில் இருந்த இன்பம் மூன்றாவது கிளாஸில் எங்கே போனது?

இந்தச் சின்னக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. சந்தோஷமாக இருப்பதே வாழ்க்கையின் நோக்கம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சந்தோஷம் என்பது அந்த முதல் மிடறா?

'ஆம்' என்றவராகப் பெயர் வாங்கியவர் கிரேக்க அறிஞர் எபிகியூரஸ் (கி.மு. 341–270). உண்டு களிக்கச் சொன்னவர் என்றே பலரும் நினைக்கின்றனர். பாவம், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்று வாழ்ந்த மனிதர் அவர்! உடலில் நோவும் மனத்தில் கலக்கமும் இல்லாதிருப்பதையே அவர் இன்பம் என்றார். அவருக்கு முன் வாழ்ந்த அரிஸ்டோட்டிலோ, மனிதனுக்குரிய ஆற்றல்களை வாழ்நாள் முழுதும் நல்ல முறையில் செயற்படுத்துவதே மகிழ்ச்சி என்றார். இன்பம் அச்செயலை நிறைவாக்கிக்கொண்டு கூடவே வருவது. நம் திருக்குறளிலும் அறம், பொருள் இரண்டுக்கும் பிறகுதான் இன்பம். 133 அதிகாரங்களில் அதற்கு 25. அங்கே இன்பம் என்பது காதலின்பம் என்பது வேறு விடயம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் இமாம் கஸ்ஸாலிதான். 1091 இல் பக்தாத் நிஸாமிய்யாவில் ஆசிரியராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு முப்பது வயது சற்றே தாண்டியிருந்தது. புகழ், பதவி, முந்நூறு மாணவர்கள், எல்லாம் இருந்தன. நான்கு ஆண்டுகளில் பாடம் சொல்ல நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை. வைத்தியர்கள் கைவிட்டனர். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று உள்ளம் கேட்டுக்கொண்டே இருந்ததை 'அல் முன்கித்' நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1095 இல், குடும்பத்துக்குப் போதுமானதை வைத்து மற்றதைப் பகிர்ந்தளித்துவிட்டுப் பக்தாதை விட்டு வெளியேறினார்.

அதன் பின்னர் பாரசீக மொழியில் அவர் எழுதிய நூல் 'கீமியாயே ஸஆதத்', அதாவது மகிழ்ச்சியின் இரசவாதம். இவ்வளவு நடந்த பிறகும் அவர் இன்பத்தை வெறுக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றும் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதிலேயே அதற்கு இன்பம் என்கிறார். கண்ணுக்கு அழகிய காட்சி, காதுக்கு இனிய ஓசை, கல்புக்கு அறிதல். அறியப்படுவது உயர உயர இன்பமும் உயரும். மந்திரியின் அந்தரங்கம் அறிந்தவனை விட அரசனின் அந்தரங்கம் அறிந்தவன் மகிழ்வதைப் போல. அப்படியானால் இறைவனை அறிவதை விடப் பெரிய இன்பம் ஏது? வயிற்றின் இன்பம் உடலோடு முடியும். கல்பின் இன்பத்துக்கு மரணம் முடிவல்ல. என் மூன்றாவது கிளாஸுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலை உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கை நின்றது.

"அப்பிடியெண்டா படிக்கக் கிடைக்காதவங்களுக்கு சந்தோஷம் இல்லையா, மகள்?"

இமாம் சொல்லும் அறிவு சான்றிதழ் அல்ல, தன்னை அறிவதில் தொடங்குவது என்று சொன்னேன். பதில் சரிதான். ஆனாலும் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. உம்மாவின் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிவிட்டுக் கடைசியில் குடிப்பவரிடம், இன்பம் இலட்சியமல்ல என்று நான் பாடம் நடத்துவதா? ஓரளவு வசதியேனும் இல்லாமல் நல்வாழ்வு கடினம் என்று அரிஸ்டோட்டிலே ஒப்புக்கொண்டார். அறிவதுதான் பெரிய இன்பம் என்றால், அதற்கான நேரத்தை வீட்டில் யாராவது அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த 'யாராவது' என்பதில் நானும் அடக்கம்.

அன்றிரவு தேங்காய் துருவிய கையோடு கிடந்த பாத்திரங்களை நானே கழுவினேன். காலையில் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் புத்தகத்தை எடுத்தபோது, நாற்பதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தீக்குச்சி இருந்தது. அதை எடுக்காமலே கொண்டு போய், இன்னும் இரண்டு வாரத்துக்குப் பதிந்துகொண்டு வந்தேன்.