முறை வைத்து வளர்ந்த நிழல்

பழவேற்காட்டில் எங்கள் குப்பத்தில் பூங்கா என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு திடல் உண்டு. காலையில் அங்கே வலை காயும். மதியம் பூவரசு நிழலில் உட்கார்ந்து கிழிசலைச் சரிபார்ப்பார்கள். சாயங்காலம் பிள்ளைகள் கபடி ஆடுவார்கள், மீன் விற்றுத் திரும்பிய பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். அந்தத் திடலைப் பார்த்துக்கொள்ள நாங்கள் சிலர் சேர்ந்தோம். கடலோர ஊர்களில் இப்படி ஒரு வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, எங்களுக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் ஆள் விஷயம். மரம் நடுகிற நாளில் ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. பங்குனி வெயிலில் குடம் தூக்கத்தான் ஆள் வேண்டும். அதற்கான வழி எங்கள் ஏரியிலேயே இருந்தது. சுத்துவலை போட்டு இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டை இங்கே ‘பாடு’ என்போம். இன்றைக்கு இந்த இடம் இவருக்கு என்று முறை வந்துவிட்டால் இன்னொருவர் அங்கே வலையை இறக்க மாட்டார். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஏரியைப் பகிர்ந்து வந்திருக்கிறார்கள். துருக்கியில் அலன்யா என்ற ஊர் மீனவர்களும் சீட்டுக் குலுக்கி இடம் பிரித்து, நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்து போவார்களாம். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய புத்தகத்தில் அதை விவரித்திருக்கிறார். பொதுச் சொத்தை ஊர் மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர்.

திடலுக்கும் அதே முறையை வைத்தோம். செடிகளை வரிசையாகப் பிரித்து வீட்டுக்கு வீடு சீட்டுப் போட்டோம். சேவை என்று கூப்பிட்டால் “பார்க்கலாம்” என்பவர்கள்கூட, உங்கள் முறை என்றால் குடத்தோடு வந்துவிடுகிறார்கள். வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டாரோடு மாற்றிக்கொள்கிறார்கள். ஏரியில் பழகியதுதான் அது, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒன்றில் மட்டும் பழைய வழக்கத்தை விட்டு விலகினோம். பாடு முறையில் பெண்களுக்குப் பங்கு இல்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் இல்லை. திடல் சீட்டில் இரு தரப்பையும் சேர்த்தோம். பொது இடம் என்று சொல்லிவிட்டு ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. உண்மையில், கோடையில் செடியைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அவர்களுடையதுதான்.

அடுத்தது அனுமதி. கரை நிலம் பெரும்பாலும் புறம்போக்கு. ஏரியோ 1980இலிருந்து பறவைகள் சரணாலயம். போதாததற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அதனால் சிமென்ட் பெஞ்சு, கான்கிரீட் நடைபாதை என்று ஆரம்பிக்காதீர்கள். மரமும் மணலும் போதும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருமுறை பேசிவிட்டு, கிராம சபையில் தீர்மானமாகவும் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்களில் அக்டோபர் 2 கூட்டம்தான் இந்த வேலைக்குத் தோதானது. தீர்மானம் கையில் இருந்தால் வனத்துறை நாற்றங்காலில் கன்று கேட்கலாம். ஐப்பசி மழைக்கு நட்டும்விடலாம்.

இனி மரம். எங்கள் ஊர் ஆயா ஒருவர், யாரோ வாங்கி வந்த அழகுச் செடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “கண்ணு, இது உப்புக் காத்துல ஒரு மாசம் நிக்காது, புன்னையக் கொண்டா” என்றார். அவர் சொன்னதுதான் சரி. பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு, ஓரத்துக்குத் தாழை. இவற்றை விட்டு வேறு எதையும் தேட வேண்டாம். நெருக்கி நட்டு அடர்வனம் ஆக்கும் மியாவாக்கி முறையைச் சிலர் சொன்னார்கள். வலை காய வேண்டிய திடலுக்கு அது ஒத்துவராது. எங்களுக்கு வேண்டியது நிழலும், அதன் அடியில் உட்கார இடமும்தான்.

மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. குழியை இரண்டடிக்குத் தோண்டி, செம்மண்ணும் மக்கிய எருவும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நிரப்புங்கள். மேலே தென்னை மட்டையைப் பரப்புங்கள். கரையில் ஒதுங்கும் பாசியைப் போடுவதானால் ஒரு மழையில் உப்புப் போன பிறகு போடுங்கள். மீன் கழிவு எங்களிடம் தாராளம். ஆனால் பச்சையாகப் புதைத்தால் இரவே நாய் தோண்டிவிடும், செடியும் போய்விடும். சம அளவு வெல்லம் சேர்த்து மூடிவைத்து, நொதித்த பிறகு தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஊற்றினால் நாயும் வராது, இலையும் கரும்பச்சையாகத் தழைக்கும்.

பனை விதைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. புரட்டாசியில் ஊன்றிவிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: முளை முதலில் மண்ணுக்குள்தான் இறங்கும், மேலே இலை தலைகாட்ட மாதங்கள் ஆகும். முளைக்கவில்லை என்று நினைத்து யாராவது தோண்டிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவையுங்கள்.

வேலி என்றதும் எல்லோரும் பழைய வலையைத்தான் எடுப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் தரையில் தொங்கவிடாமல் இழுத்துக் கட்ட வேண்டும். தொங்கும் நைலானில் ஓணானும் நண்டும் சிக்கிச் சாகும். அதைவிட முக்கியம், வேலிக்கு முன்னால் ஆடு வளர்ப்பவர்களை உட்காரவைத்துப் பேசுவது. எங்கள் சீட்டில் அவர்களுக்கும் செடி உண்டு. தன் முறைச் செடி நிற்கிற பக்கம் யாரும் ஆட்டை ஓட்டுவதில்லை.

குப்பையில் நாங்கள் அதிகம் கவனித்தது வலைத்துண்டுகளைத்தான். கிழிசலைத் தைக்கும்போது விரல் நீளத்துக்கு வெட்டிப் போடும் நைலான் இழை மணலோடு கலந்து, கரையில் மேயும் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். இழுக்க இழுக்க இறுகும். ஒரு உள்ளானின் காலில் இருந்து அதை வெட்டி எடுத்தபோது தோல் அறுந்து எலும்பு தெரிந்தது. அன்றிலிருந்து வலை தைக்கும் இடத்தில் மரத்துக்கு மரம் காலி பெயின்ட் டப்பா தொங்குகிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பதால் துண்டு தானாக அதில் விழுகிறது. மீன் பெட்டித் தெர்மாகோலும் அப்படித்தான், உடைந்து மணி மணியாகச் சிதறுவதற்கு முன்பே முழுசாக எடுத்துவிட வேண்டும். சனி, ஞாயிறு சென்னையிலிருந்து வருகிறவர்களுக்காகக் குப்பைத் தொட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அள்ள வண்டி வராவிட்டால் தொட்டியே குப்பைமேடு ஆகிவிடும். கடைக்காரர்களிடம் பேசி, பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் வாழையிலையில் வறுத்த மீன் கொடுக்கச் சொன்னதில் பலன் இருந்தது.

திடல் கலகலப்பாக இருக்க விழா நடத்த வேண்டியதில்லை. நியூயார்க் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட், மனிதர்களை இழுப்பது மற்ற மனிதர்கள்தான் என்று 1980இல் எழுதினார். எங்கள் அனுபவமும் அதுவே. வலை தைக்கும் தாத்தாக்கள் இருக்கும்வரை பிள்ளைகள் வருவார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதை அவர்கள் கையால் காட்டிச் சொல்வார்கள், பிள்ளைகள் திரும்பச் சொல்வார்கள். பனையோலை முடையும் அக்காக்களை வரவழைத்தோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச்சுக் கல்லறைத் தோட்டம்வரை நடந்தோம். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுச் சிலைகளைப் பார்த்த பிறகு, 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கெல்திரியா கோட்டையைப் பற்றி அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஐப்பசி முதல் பங்குனி வரை பூநாரையும் மற்ற வலசைப் பறவைகளும் ஏரியில் இருக்கும். அந்த மாதங்களில் மைக் செட், வெடி, கரையைப் பார்த்து அடிக்கும் விளக்கு மூன்றும் வேண்டாம். வெளிச்சம் தேவையென்றால் தெருப்பக்கம் மட்டும், தரையைப் பார்த்து வையுங்கள்.

இப்போது திடலின் சேற்று ஓரத்தில் அலையாத்தி வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழிசெய்த பிறகுதான் பாழ்பட்ட இடத்தில் அலையாத்தி பிழைத்தது. எங்கள் ஓரத்திலும் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எங்கே தேங்கி உப்புப் பூக்கிறது என்று முதலில் குச்சி நட்டுக் குறிக்க வேண்டும். முகத்துவாரம் தூர்ந்திருக்கும் மாதத்துக்கு ஒரு குறி, திறந்திருக்கும் மாதத்துக்கு ஒரு குறி. அதற்கும் சீட்டுப் போட்டாயிற்று.